கொழும்புச் சூட்டில் முதல் வாட்டர் லூப் கட்டலாமா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் மூன்றாம் மாடி, ஏசி இல்லாத அறை, ரைசன் 7800எக்ஸ்3டி சிபியு, ஆர்டிஎக்ஸ் 4080 கிராபிக்ஸ் கார்ட். இரவில் விளையாட உட்கார்ந்தால் கார்ட் 80 பாகையைத் தொடுகிறது, ஃபேன் இரைச்சலில் அடுத்த அறையிலிருந்து அம்மா கத்துகிறார். முதல் வேலையில் ஒரு வருடம் மிச்சம் பிடித்த காசு கையில் இருக்கிறது. கஸ்டம் வாட்டர் லூப், அதாவது பம்பால் தண்ணீரைச் சுற்ற விட்டுச் சூட்டை இறக்கும் அமைப்பு, கட்டலாமா, சாமான் எங்கே கிடைக்கும், என்ன தண்ணீர் ஊற்றுவது, ஒழுகினால் எல்லாம் போய்விடுமா என்று நான்கு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். அடியில் இருப்பது ஒரே கேள்விதான் என்று எனக்குப் படுகிறது: இந்த ஊர்ச் சூட்டில் தண்ணீரைச் சுற்ற விட்டால் போட்ட காசுக்கு என்ன கிடைக்கும்?

நான் பம்பலப்பிட்டியில் ஒரு கடையின் பின்னறையில் பதினொரு வருடம் கணினி பூட்டியும் கழற்றியும் பிழைத்தவன். லூப் என்று எண்ணினால் பதினான்கு கட்டியிருக்கிறேன், அதில் மூன்று என்னுடையவை. வேறு யாரோ கட்டி, பழுதாகித் திருத்த வந்தவை அதைவிடக் கூட. என் பாடங்களில் பாதி அந்தப் பழுதுகளில் படித்ததுதான். வளைத்துப் பூட்டும் ஹார்ட் டியூப் வேலை மட்டும் இரண்டே இரண்டு செய்திருக்கிறேன், ஆகவே அதைப் பற்றிச் சொல்லும்போது என் பேச்சைக் கொஞ்சம் குறைத்தே எடுங்கள்.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயம். ரேடியேட்டரும் ஃபேனும் உள்ள எந்த லூப்பிலும் தண்ணீர் அறைக் காற்றைவிடக் குளிராது. ரேடியேட்டரின் வேலை தண்ணீரில் ஏறிய சூட்டை அறைக் காற்றுக்குக் கைமாற்றுவது, அவ்வளவுதான். காற்று 32 பாகை என்றால் தண்ணீர் 32க்குக் கீழே போக வழியில்லை, நடைமுறையில் அதற்கு மேல் எட்டுப் பத்துப் பாகையில் போய் நிற்கும். வெளிநாட்டுக்காரர் போடும் படங்களில் கார்ட் 45 பாகை என்று காட்டினால், அவருடைய அறை 20 பாகை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நம் அறைக்கும் அவர் அறைக்கும் பன்னிரண்டு பாகை வித்தியாசம். அது அப்படியே உங்கள் இலக்கத்தில் ஏறும்.

உங்கள் கணினிக்கே கணக்குப் போடுவோம். 4080 கார்டின் மின் எல்லை 320 வாட். 7800எக்ஸ்3டி 120 வாட் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் விளையாட்டில் பெரும்பாலும் எண்பதுக்குள்தான் நிற்கும். மொத்தம் 400 வாட் என்று வையுங்கள். 120 மில்லிமீற்றர் ஃபேன் ஒன்றின் அளவு ரேடியேட்டருக்கு 100 வாட் என்பது இந்த வேலையில் புழங்கும் வழக்கு. அது சட்டம் இல்லை, ஃபேன் மெல்லச் சுற்றினால் குறையும், வேகமாகச் சுற்றினால் கூடும். அந்தக் கணக்கில் நாலு ஃபேன் அளவு போதும், சத்தமில்லாமல் இருக்க ஐந்து வேண்டும். அதாவது மூன்று ஃபேன் பூட்டும் 360 மில்லிமீற்றர் ரேடியேட்டர் ஒன்று, இரண்டு ஃபேன் பூட்டும் 240 ஒன்று. அப்படிக் கட்டினால் 32 பாகை அறையில் தண்ணீர் 42 அளவில் நிற்கும், கார்டின் சிப் அதற்கு மேல் பத்துப் பதினைந்து பாகை, அதாவது 52க்கும் 57க்கும் இடையில். இப்போது 80. வித்தியாசம் பெரியதுதான். அதைவிட, ஃபேன் ஐந்தும் நிமிடத்துக்கு 800, 900 சுற்றில் மெல்ல ஓடும், அடுத்த அறைக்குக் கேட்காது.

சிபியுவில் அவ்வளவு எதிர்பார்க்க வேண்டாம். அந்த வகைச் சிப்பில் சூடு ஒரு சின்ன இடத்தில் குவிந்து, மேலே அடுக்கிய கேஷ் நினைவகத்தையும் தடித்த உலோக மூடியையும் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். தடை உள்ளேயே இருக்கும்போது வெளியே தண்ணீர் ஓடினாலும் காற்று ஓடினாலும் சில பாகைதான் வித்தியாசம். அதன் எல்லை 89 பாகை, எழுபதுகளில் ஓடினால் அதற்கு ஒன்றுமே இல்லை. சிபியுவுக்காக மட்டும் யாராவது லூப் கட்டப் போனால் நான் தடுத்துவிடுவேன், நல்ல காற்றுக் கூலர் ஒன்று போதும். உங்கள் சங்கதி கார்ட், அதற்குத்தான் தண்ணீர். கார்டுக்குக் கட்டும்போது சிபியுவையும் அதே லூப்பில் சேர்ப்பது இன்னொரு பிளாக் (சிப்பின் மேல் அமர்ந்து அதன் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்கும் உலோகத் துண்டு), இரண்டு ஃபிட்டிங் (டியூபைப் பூட்டும் இணைப்பு), அவ்வளவுதான்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டாதீர்கள். லூப் உங்கள் அறையைக் குளிராக்காது. 400 வாட் காற்றால் வந்தாலும் தண்ணீரால் வந்தாலும் கடைசியில் உங்கள் அறைக்குள்தான் கொட்டுகிறது, பழைய 100 வாட் குண்டு பல்பு நாலை எரிய விட்டது போல. சித்திரை மாதத்தில், சூரியன் நேர் உச்சியில் நிற்கும் நாட்களில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் விளையாடினால் அறை 34க்கு ஏறும், தண்ணீரும் பின்னாலேயே ஏறும். பிறகு ஏசி பூட்டினால், 9000 பீடியு மெஷினின் சக்தியில் ஆறில் ஒரு பங்கு உங்கள் கணினிக்கே போகும்.

ஆகவே காசை எடுக்க முதல், காசில்லாத வேலை ஒன்றைச் செய்து பாருங்கள். கார்டின் மின் எல்லையை 75 வீதத்துக்கு இறக்குங்கள், முடிந்தால் மின்னழுத்தத்தையும் கொஞ்சம் குறையுங்கள். கேசிங்கின் முன் வலையைக் கழற்றித் தூசி தட்டுங்கள். என் கையில் வந்த கார்டுகளில் இதனாலேயே எட்டுப் பத்துப் பாகை இறங்கியிருக்கிறது, விளையாட்டில் வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடவில்லை. அம்மா கத்துவது நின்றுவிட்டால் காசை வங்கியில் போடுங்கள். லூப்புக்குச் செலவாகிற மொத்தத்தில் நடுத்தரக் கார்ட் ஒன்றே வாங்கலாம். அதற்குப் பிறகும் கட்டத்தான் ஆசை என்றால், அந்த ஆசை எனக்குப் புரியும். எனக்கும் அதே வியாதிதான்.

சரி, கட்டுவதாகவே வைப்போம். கணினிக் கடைகள் நிறைந்த யுனிட்டி பிளாசாவில் மாடி மாடியாக ஏறி இறங்கினால் பூட்டி மூடி வரும் ஏஐஓ கூலர்கள் நிறையக் கிடைக்கும், ஃபேன் கிடைக்கும். கஸ்டம் லூப் சாமான், அதிலும் உங்கள் கார்டுக்கென்றே வார்த்த வாட்டர் பிளாக், நான் தேடிய காலமெல்லாம் தட்டில் இருந்தது குறைவு. 2020 இறக்குமதிக் கட்டுப்பாட்டுக்குப் பிறகு இன்னும் குறைந்தது. வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க வேண்டித்தான் வரும். பிளாக் எடுக்கும்போது 4080 என்ற பெயரை மட்டும் பார்த்து எடுக்காதீர்கள். ஒரே 4080ஐ ஒவ்வொரு கம்பனியும் ஒவ்வொரு விதமான சர்க்கிட் போர்டில் செய்கிறது, பிளாக் போர்டுக்குப் பொருந்த வேண்டும். கார்டின் முழு மாடல் இலக்கத்தைப் பிளாக் செய்பவரின் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள். ஃபிட்டிங் தேவைக்கு மேல் இரண்டும், ஓ-ரிங் ஒரு பொட்டலமும் சேர்த்து எடுங்கள். முப்பது ரூபாய் ரப்பர் வளையம் ஒன்று கீறிப்போனதால் மூன்று கிழமை மேசையில் கிடந்த கணினியை நான் பார்த்திருக்கிறேன்.

வாங்கும்போது விடக்கூடாத பிழை ஒன்று உண்டு, அதில் எந்தச் சந்தேகமும் இல்லை. செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் இருக்கக்கூடாது. பிளாக்கின் அடித்தகடு பெரும்பாலும் செம்பு அல்லது நிக்கல் பூசிய செம்பு. மலிவு ரேடியேட்டர் பல அலுமினியம். இரண்டையும் ஒரே ஈரத்தில் போட்டால் அது ஒரு பற்றரி, அலுமினியம் மெல்லக் கரையும். ஏஐஓ கூலர்களில் பலவற்றில் இந்தச் சேர்க்கை இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது தொழிற்சாலையில் மூடி, அரிப்பைத் தடுக்கும் திரவம் அளந்து ஊற்றி வருவது. அதைத் திறந்து ரேடியேட்டரை மட்டும் உங்கள் லூப்பில் சேர்க்கும் யோசனையை விட்டுவிடுங்கள். நான் முதலில் கட்டியதே இந்த இரண்டு உலோகக் கலப்பால்தான் போனது. விலை குறைவு என்று செம்பா அலுமினியமா கேட்காமல் ஒரு ரேடியேட்டர் வாங்கினேன். ஏழாம் மாதம் தண்ணீர் சாம்பல் நிறம். சிபியு பிளாக்கைத் திறந்தால், மயிரிழை இடைவெளி விட்டு நிற்கும் செம்புத் தகடுகளுக்கு நடுவில், கஞ்சி ஆறிப் படிந்த ஆடை மாதிரி ஒரு பசை. பல் துலக்கும் பிரஷால் அரை மணி நேரம் தேய்த்தேன். பிளாக் பிழைத்தது, ரேடியேட்டர் ஒரு மூலையில் ஊசித்துளை விட்டுப் போயே போய்விட்டது.

பம்ப் விஷயத்தில் நீட்டி முழக்க ஒன்றுமில்லை. டி5 வகைப் பம்ப், தண்ணீர்த் தாங்கியோடு சேர்ந்து வருவது, ஒன்று எடுங்கள். அது 60 பாகைத் தண்ணீர் வரைக்கும்தான், நீங்கள் அந்தப் பக்கமே போகமாட்டீர்கள். பம்ப் தண்ணீரில்லாமல் ஓடக்கூடாது, ஆகவே தாங்கி எப்போதும் பம்புக்கு மேலே. மின்சாரத்தைப் பவர் சப்ளையிலிருந்து நேரே கொடுங்கள், மதர்போர்டின் ஃபேன் முனை அதற்குத் தாங்காது. வேகம் சொல்லும் மெல்லிய வயரை மட்டும் மதர்போர்டில் செருகி, சுற்று நின்றால் கத்தும்படி மதர்போர்டின் பயாஸ் அமைப்பில் வையுங்கள்.

எதற்குப் பிறகு எது வர வேண்டும், கார்டிலிருந்து வரும் சூடான தண்ணீர் சிபியுவுக்குப் போகலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். தண்ணீர் மணிக்கு 200 லீற்றர் வேகத்தில் ஓடினால், 400 வாட் முழுவதையும் ஒரே மூச்சில் வாங்கினாலும் அதன் சூடு இரண்டு பாகைகூட ஏறாது. ஒரு லீற்றர் தண்ணீரை ஒரு பாகை ஏற்ற 4186 ஜூல் வேண்டும், நீங்களே வகுத்துப் பாருங்கள். ஆகவே டியூப் நீளம் குறைவாக, மடியாமல் போகும் வழி எதுவோ அதுவே சரியான வரிசை. தாங்கியிலிருந்து பம்ப் என்ற ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். சிபியு பிளாக்கில் உள்ளே, வெளியே என்று குறி போட்டிருந்தால் அதையும் மதியுங்கள்.

டியூப், முதல் லூப்புக்கு வளைந்து கொடுக்கும் மென்மையானதே. அதிலும் கறுப்பு இபிடிஎம் ரப்பர். கண்ணாடி போன்ற பிவிசி டியூப் முதல் மாதம் அழகு, பிறகு அதிலுள்ள இளக்கி கசிந்து டியூப் பால் பூத்துப் போகும், அந்தப் பிசுக்கு பிளாக்கில் போய் அமரும். சூட்டில் அது விரைவாக நடப்பதாகவே எனக்குத் தெரிகிறது. உள் விட்டம் 10, வெளி விட்டம் 16 மில்லிமீற்றர் என்றால் ஃபிட்டிங்கும் அதே இரண்டு இலக்கத்துக்கு இருக்க வேண்டும், ஒன்று பிழைத்தாலும் நழுவும். ஹார்ட் டியூப்தான் வேண்டும் என்று நின்றால், நான் அக்ரிலிக் பக்கம். பெட்ஜி என்ற மற்றப் பிளாஸ்டிக் வளைக்க லேசு, ஆனால் 80 பாகை அளவில் இளகத் தொடங்கும், 60க்குக் கீழே வைத்துக்கொள்வதே புத்தி. பம்ப் நின்று தண்ணீர் சூடேறினால் முனை சுருங்கிக் கழன்றுவிடும் என்ற பயம் எனக்கு உண்டு. இது என் பயம், இதைவிடக் கூடச் செய்தவர்கள் வேறு சொல்லக்கூடும்.

தண்ணீருக்கு வருவோம், உங்கள் கேள்வியில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். குழாய்த் தண்ணீர் வேண்டாம். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரில் கேத்தல் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிவதைப் பார்த்திருப்பீர்கள், கொழும்பில் அப்படிப் படிவதில்லையே என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். படியாதுதான், களனி ஆற்றுத் தண்ணீர் மென்மையானது. ஆனால் அதில் குளோரின் இருக்கிறது, உப்பும் இருக்கிறது, இரண்டும் செம்புக்கு ஆகாது. கடைப் போத்தல் குடிதண்ணீரும் அதே கதை, கனிமம் இருக்கிறது. ஏசியிலிருந்து வடியும் தண்ணீர் வடித்த தண்ணீர் தானே என்றும் கேட்பார்கள். அது தூசியையும் பூஞ்சணத்தையும் கழுவிக்கொண்டு வருகிறது, வேண்டாம். எண்ணெய் நிலையங்களிலும் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளிலும் பற்றரித் தண்ணீர் போத்தல் கிடைக்கும். கனிமம் நீக்கியது அல்லது வடித்தது என்று எழுதியிருந்தால் அது நல்லது. லேபிளை வாசிக்காமல் எடுக்காதீர்கள், அதே தட்டில் பற்றரி அமிலமும் நிற்கும், அது கந்தக அமிலம்.

வெறும் வடித்த தண்ணீர் மட்டும் ஊற்றி விடுவதும் சரியில்லை. நம் சூட்டில் பாசி பிடிக்கும், ஜன்னல் வெளிச்சம் விழும் தாங்கியில் இன்னும் விரைவாக. அரிப்பைத் தடுப்பதும் கிருமியைக் கொல்வதும் கலந்த கூலண்ட் செறிவு ஒரு சின்னப் போத்தல் வாங்கி, அதில் எழுதிய அளவுக்கு வடித்த தண்ணீரில் கலக்குங்கள். நிறமில்லாததாக எடுங்கள். பால் போல மினுங்கும் நிறக் கூலண்ட் படத்துக்கு அழகு, அதிலுள்ள துகள் கடைசியில் போய்ச் சேர்வது சிபியு பிளாக்கின் தகடுகளுக்கு நடுவில். வாகனக் கூலண்ட் ஊற்றலாமா என்றால், ஓடும். ஆனால் அதிலுள்ள கிளைக்கோல் கூடக் கூடச் சூடு கடத்துவது குறையும், எத்திலீன் கிளைக்கோல் நஞ்சு. வீட்டில் பூனையோ குழந்தையோ இருந்தால் நினைத்துப் பாருங்கள்.

இனி ஒழுகுவது. ஒழுகும் என்று நினைத்துக்கொண்டே கட்டுகிறவனுக்கு ஒழுகாது. கேசிங்கில் கார்ட் சிபியுவுக்குக் கீழே கிடக்கிறது, ஆகவே சிபியு ஃபிட்டிங்கில் விழும் முதல் சொட்டு நேரே அந்த விலை கூடிய கார்டின் முதுகில். ஆனால் நான் பார்த்த ஒழுக்குகளில் அனேகம் ஃபிட்டிங் தளர்ந்ததால் வந்தவை அல்ல, கட்டும்போது நடந்த முரட்டுத்தனத்தால். ஃபிட்டிங்கின் புரி ஜி 1/4 வகை, அதில் தண்ணீரை அடைப்பது புரி அல்ல, அடியிலுள்ள ஓ-ரிங். ஆகவே வீட்டுக் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப் சுற்றாதீர்கள். கையால் இறுக்கி, ரப்பர் சமமாக அமர்ந்ததும் இன்னும் கொஞ்சம் அழுத்தம், அதோடு விடுங்கள். ஸ்பெனர் போட்டு முறுக்கினால் ரப்பர் பிதுங்கும், அக்ரிலிக் தாங்கி என்றால் வெடிக்கும்.

இன்னொரு முரட்டுத்தனம் நானே செய்தது. ஃபேன் 25 மில்லிமீற்றர் தடிப்பு, அதை ரேடியேட்டரில் பூட்ட 30 மில்லிமீற்றர் ஸ்க்ரூ வேண்டும். கையில் 35 கிடந்தது. கடைசிச் சுற்றில் கொஞ்சம் இறுகுகிறதே என்று நினைத்து இன்னும் அரைச் சுற்றுக் கொடுத்தேன். ஒரு மெல்லிய 'டிக்' சத்தம். ஸ்க்ரூ முனை ரேடியேட்டரின் தண்ணீர் ஓடும் தட்டைக் குழாயில் ஊசி போல இறங்கிவிட்டது. தண்ணீர் ஊற்றும் வரை அது தெரியவே இல்லை. ஊற்றியதும் ஃபேனின் ஓரத்திலிருந்து வேர்வை போல வடிந்தது. நல்லவேளை, கார்டுக்கு மின்சாரம் போகவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு ஸ்க்ரூவையும் ரேடியேட்டரின் ஓரத்தில் வைத்து அளந்துவிட்டுத்தான் பூட்டுவேன்.

புதிய ரேடியேட்டருக்குள் ஈயப் பற்று வைத்த மிச்சம், பற்று வைக்கத் தடவும் பிளக்ஸ் பசை, துகள் எல்லாம் இருக்கும். சூடான வடித்த தண்ணீரை அரை ரேடியேட்டர் ஊற்றி, இரண்டு வாயையும் அடைத்து, கையால் வடிவாக ஒரு நிமிடம் குலுக்குங்கள். கோப்பி வடிகட்டும் தாளில் ஊற்றிப் பார்த்து, துகள் வராத வரைக்கும் திரும்பத் திரும்ப. எனக்கு ஐந்தாறு தரம் பிடிக்கும். வினாகிரி ஊற்றிக் கழுவுவது பற்றிப் பெரிய சண்டையே நடக்கிறது. பழைய செம்பு ரேடியேட்டரில் நான் செய்திருக்கிறேன், புதியதில் செய்ய மாட்டேன், உற்பத்தியாளர் தாளில் வேண்டாம் என்று இருந்தால் கதையே வேண்டாம். அக்ரிலிக் பாகங்களை ஸ்பிரிட்டால் துடைக்கக்கூடாது என்பது மட்டும் நிச்சயம். மயிரிழை வெடிப்பு விழும். சவர்க்காரத் தண்ணீர் போதும்.

கார்டைத் திறக்கிற நாள் அவசரம் வேண்டாம். பழைய கூலரின் ஸ்க்ரூக்களைத் தாளில் படம் கீறி அதிலேயே ஒட்டி வையுங்கள். சூட்டைக் கடத்தும் மெல்லிய தெர்மல் பேட் ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு தடிப்பு, பிளாக்கோடு வரும் தாள் சொன்னபடியே வெட்டி ஒட்டுங்கள். தடித்ததை மெல்லியதன் இடத்தில் ஒட்டினால் சிப்பில் பிளாக் அமராது, பேஸ்ட் எவ்வளவு நல்லதென்றாலும் 90 பாகை காட்டும். குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். உத்தரவாதம் இருந்தால், திறக்க முதல் விற்ற கடையில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பழைய கூலரை எறிய வேண்டாம், கார்டை விற்கும் நாளில் அது வேண்டும்.

ஊற்ற முதல் காற்றால் சோதனை. லூப் முழுவதையும் மூடி, கைப்பம்பும் அளவுமானியும் உள்ள சின்னக் கருவியால் அரை பார் அளவு காற்றடித்து விடுங்கள். முள் இருபது நிமிடம் அசையாமல் நின்றால் தண்ணீர் ஊற்றலாம். இறங்கினால் ஒவ்வொரு ஃபிட்டிங்கிலும் சவர்க்கார நுரை தடவித் தேடலாம், ஒரு சொட்டுக்கூட நனையாமல். இந்தக் கருவி இல்லாத காலத்தில் நாங்கள் பட்ட பாடு வேறு. பிறகு தக்காளி சோஸ் போத்தல் போன்ற ஒன்றால் தாங்கியை நிரப்பி, பவர் சப்ளையை மதர்போர்டிலிருந்தும் கார்டிலிருந்தும் முற்றாகக் கழற்றி, பம்புக்கு மட்டும் கொடுத்து ஓட விடுங்கள். 24 முனைப் பிளக்கில் பச்சை வயரையும் ஏதாவது ஒரு கறுப்பையும் இணைத்தால் பவர் சப்ளை எழும்பும். எல்லா வயரும் கறுப்பாக இருந்தால் ஊகிக்காதீர்கள், அதற்கென்றே இணைப்பு முனை சல்லி விலைக்குக் கிடைக்கும். சில செக்கனில் தாங்கி காலியாகும், நிறுத்தி நிரப்பி மறுபடி. ஒவ்வொரு ஃபிட்டிங்கின் கீழும் கிச்சன் தாள் வைத்து, கேசிங்கை முன்னும் பின்னும் சரித்து, உள்ளே சிக்கிய காற்றைத் துரத்துங்கள். ஒரு முழு நாள் ஓடவிட்டுத் தாள்கள் காய்ந்தே இருந்தால் மற்ற வயர்களைப் பூட்டலாம். உங்கள் லூப்புக்கு ஒரு லீற்றர் சொச்சம் போகும், இரண்டு லீற்றர் கலந்து வையுங்கள்.

ஃபேன்களைச் சிபியு சூட்டுக்குக் கட்டிவிடாதீர்கள். அது கண் மூடித் திறக்க இருபது பாகை ஏறி இறங்கும், ஃபேனும் கூடவே ஊளையிடும். தண்ணீர்ச் சூட்டை அளக்கும் சென்சர் ஒன்றை லூப்பில் வைத்து, அதைப் பார்த்து ஓட விடுங்கள். தண்ணீர் ஆறுதலாக ஏறும், ஆறுதலாக இறங்கும், ஃபேனும் அப்படியே.

ஈரப்பதன் பற்றி நீங்கள் பயப்பட்டிருந்தீர்கள். அறைக் காற்றைவிடத் தண்ணீர் குளிராதபோது டியூபில் வேர்வை வராது, அந்தப் பயம் வேண்டாம். ரேடியேட்டரைச் சின்னக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைப்பது, ஐஸ் போடுவது போன்ற வித்தைகளுக்குப் போனால்தான் ஆபத்து. பெட்டியிலிருந்து எடுத்த சோடாப் போத்தல் இந்த ஊரில் எப்படி வேர்க்கும் என்று தெரியும்தானே, அதே வேர்வை மதர்போர்டில். அந்தச் சின்னப் பெட்டியால் 400 வாட் சூட்டை இழுக்கவும் முடியாது. மின்வெட்டும் லூப்பை ஒன்றும் செய்யாது. பம்பும் கார்டும் ஒரே நேரத்தில் நிற்கும்.

நீங்கள் கேட்காத எதிரி ஒன்று உங்கள் ஜன்னலுக்கு வெளியே இருக்கிறது: கடல். மரைன் டிரைவ் பக்க வீடுகளில் இரும்பு ஜன்னல் கம்பி எப்படித் துருப்பிடிக்கிறது என்று பாருங்கள். அந்த உப்புக்காற்றுத்தான் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்குள்ளும் போகிறது, தூசியோடு சேர்ந்து பிசினாக அப்பிக்கொள்கிறது. உங்கள் பக்கத்து வீடொன்றிலிருந்து வந்த லூப்பில் தண்ணீர் பளிங்கு மாதிரி, வெளித்தகடு பாதி அடைபட்டு, ஸ்க்ரூத் தலையெல்லாம் செம்மண் நிறம். ஃபேனுக்கு முன்னால் கழற்றக்கூடிய தூசி வலை வையுங்கள், இரண்டு மாதத்துக்கு ஒருதரம் பிரஷால் தட்டுங்கள், கணினியைக் கடல் பார்க்கும் ஜன்னலடியில் வைக்காதீர்கள்.

தண்ணீரை வருடத்துக்கு ஒருதரம் மாற்ற வேண்டும். சித்திரை வருடப் பிறப்புக்கு வீடு கழுவும் கிழமையை அதற்கு ஒதுக்குங்கள், மறக்காது. அதற்காகக் கட்டும்போதே லூப்பின் மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு டீ ஃபிட்டிங்கும் திருகு வால்வும் வையுங்கள். முதல் லூப் கட்டும் எல்லோரும் விட்டுவிடுவது இதைத்தான். வால்வு இல்லாமல் தண்ணீர் இறக்குவதென்றால் கேசிங்கைத் தூக்கிக் குளியலறைக்குள் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டி வரும், இருபது கிலோவோடு.

கேசிங்கின் மாடலையும், மேலேயும் முன்னாலும் எத்தனை மில்லிமீற்றர் இடம் இருக்கிறது என்பதையும் அளந்து எழுதுங்கள். ரேடியேட்டர் 27 அல்லது 30, ஃபேன் 25, இரண்டும் சேர்ந்து 55 அளவு. மேலே பூட்டினால் ராம் தலையில் இடிக்குமா என்று பார்த்துச் சொல்கிறேன். காற்றுச் சோதனைக் கருவியை நீங்கள் வாங்க வேண்டாம், என்னிடம் ஒன்று சும்மா கிடக்கிறது, நீங்கள் வெள்ளவத்தை என்றால் இரவல் தரலாம். திருப்பித் தர வேண்டும். போன கருவியைத் தெஹிவளைக்குக் கொண்டு போனவரை இன்னும் தேடுகிறேன்.